என் அத்தைக்குக் கல்யாணம் செய்துவைக்க நீங்கள் யார்?

கப்பலேறி நூற்று நாற்பது வருஷம் ஆன ஒருத்திக்கு இப்போது கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தஞ்சாவூர் ஜில்லாக்காரர். அவளோடு ஒரே கப்பலில் போனவர். பதிவேட்டில் அவளுடைய எண்ணுக்கு முந்தைய எண் அவருடையது. இதைத் தவிர அந்த இரண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இன்று இணையத்தில் வம்சாவளி தேடுகிற எவர் கண்ணில் பட்டாலும் அவர்கள் கணவன் மனைவி. கல்யாணம் நடந்த வருஷம்கூடப் போட்டிருக்கிறது. யார் பார்த்தார்கள்? யார் தாலி எடுத்துக் கொடுத்தார்கள்? எந்தக் காகிதத்தில் இருக்கிறது? கேட்டால், “எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்காங்க” என்கிறார்கள்.

அந்த எல்லாரும் எடுத்தது என்னிடமிருந்து. அதனால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் அவளுக்குக் கப்பல் அத்தை என்றுதான் பெயர். என் தாத்தாவுக்கு அத்தை, கொள்ளுத் தாத்தாவுக்கு அக்கா. நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவளுடைய எண்ணையும் கப்பலின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய், பத்து இடத்தில் ஒட்டி, கூடவே ஒரு பொய்யையும் ஒட்டிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. சொந்த அத்தையின் பெயரை அச்சில் எழுதப் பயப்படும்படி என்னை ஆக்கிவிட்டார்கள்.

அவள் போனது தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் என்று இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். எங்கள் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஆள் பிடிக்க வந்தவர்களுக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் விதி இருந்தது. அந்தக் கணக்கை நிரப்புவதற்காக ஆள் பிடிக்கிறவர்கள் விதவைகளையும், புருஷன் விட்டுப் போனவர்களையும், வீட்டில் அடிதாங்காமல் வெளியேறியவர்களையும் சந்தைகளிலும் சத்திரங்களிலும் தேடினார்கள். தனியாகக் கப்பலேறிய பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. என் அத்தை அவர்களில் ஒருத்தி. கையில் மூன்று வயதுப் பிள்ளையோடு போனாள்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. முதலில் எண். அந்த எண்தான் அவர்களைச் சாகும்வரை தொடரும். வேலைச் சீட்டில், பிள்ளை பிறந்த பதிவில், இறந்த பதிவில் எல்லாம் அதுவே வரும். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் பெண், சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது. மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பைக் குறிப்பது மாதிரி மனுஷிக்குக் குறித்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அவள் திரும்பக் கிடைத்தது அந்தக் கடைசிக் கட்டத்தினால்தான்.

ஏனென்றால் அவள் பெயரில், அதே தகப்பன் பெயரோடு, வட ஆற்காட்டிலிருந்து போன பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தார். அதை எங்கள் ஊர் என்றும் படிக்கலாம், குடியாத்தம் தாலுக்காவிலேயே இன்னொரு ஊர் என்றும் படிக்கலாம். நான் விட்டுவிடவில்லை. அடையாளக் கட்டத்தைப் படித்தேன். இடது முன்கையில் தீச்சுட்ட வடு.

என் தாத்தா சொல்லுவார்: அத்தைக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது நெல் அவிக்கிற அண்டா சரிந்து இடது கை வெந்துபோனது, வாழைக் குருத்தில் சுற்றி வைத்திருந்தார்கள் என்று. அவர் அவளைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. அந்த வாய்வார்த்தையும், கடலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்கார அலுவலகத்தில் கிடந்த காகிதமும் ஒரே கையைக் காட்டின. அன்று நான் அழுத அழுகையை இங்கே எழுத வேண்டியதில்லை.

அதோடும் நான் நிறுத்தவில்லை. வீட்டுப் பெட்டியில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. கொள்ளுத் தாத்தாவும் அவர் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது எழுதியது. சர்வே எண், கிணற்றுப் பாத்தியம், வண்டிப் பாதை எல்லாம் முடிந்த பிறகு ஒரு வரி: கப்பலேறிப் போன தமக்கை திரும்பி வரும் பட்சத்தில் இரு பாகஸ்தர்களும் ஆளுக்குப் பாதியாக அவளுக்கும் அவள் புத்திரனுக்கும் அன்னவஸ்திரம் கொடுத்து ரட்சித்து வர வேண்டியது. புருஷனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. புருஷனோடு போனவளாக இருந்தால் அன்னவஸ்திரத்துக்குத் தம்பிகள் ஏன் எழுதிக்கொடுக்கப் போகிறார்கள்? பதிவேட்டிலும் அவளுக்குக் கணவன் என்று யாரையும் காட்டவில்லை. பிள்ளையின் வரியில் தாய் இன்னார் என்று மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர்க் கட்டம் காலி.

இரண்டு காகிதமும் ஒன்றுக்கொன்று சாட்சி. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. அவள் தனியாகத்தான் போனாள்.

இதையெல்லாம் ஒழுங்காக எழுதி, எந்தத் தகவல் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது, எது வாய்வழி, எது என் ஊகம் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, நான் பொதுவில் வைத்தேன். அவள் மகன் வழி வந்தவர்கள் அங்கே எங்காவது இருப்பார்கள், தேடிக்கொண்டு வருவார்கள் என்ற ஆசையில் வைத்தேன். கணவன் என்ற இடத்தில் “பதிவேட்டில் இல்லை, ஊகித்து நிரப்ப வேண்டாம்” என்று எழுதினேன்.

அதை ஒருவர் எடுத்தார். என்னைக் கேட்கவில்லை, போகட்டும். எடுத்ததை எடுத்தபடியே வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பெயரை எடுத்துக்கொண்டார், ஊரை எடுத்துக்கொண்டார், நான் எழுதிய வாக்கியங்களை ஒற்றெழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டார். எச்சரிக்கையை வெட்டிவிட்டார். தீச்சுட்ட வடுவை வெட்டிவிட்டார். அவர் நிரப்புகிற படிவத்தில் வடுவுக்கு இடமில்லை. வயது இருபத்து நான்கு என்றிருந்ததைக் கழித்துப் பார்த்து ஒரு பிறந்த வருஷம் கண்டுபிடித்து, அதற்கு ஜனவரி 1 என்று தேதியும் வைத்தார். வட ஆற்காட்டுக் கிராமத்தில் பஞ்சத்துக்கு முன்னால் பிறந்த பெண் பிள்ளைக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? அவளைக் கேட்டிருந்தால் ஆடி மாசம், பெருமழை பெய்த வருஷம் என்று சொல்லியிருப்பாள். பதிவேட்டில் இருக்கிற இருபத்து நான்குகூட, குமாஸ்தா முகத்தைப் பார்த்துப் போட்டதாக இருக்கலாம்.

பிறகு அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்தார். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண் கொடுப்பது வழக்கம்தான். கணவன், மனைவி, பிள்ளை என்று வரிசையாக வரும். அதை வைத்துக்கொண்டு என் அத்தைக்கு முந்தைய எண்காரரைக் கணவனாக்கிவிட்டார். அந்த மனிதரின் ஜில்லா வேறு, தாலுக்கா வேறு, கிராமம் வேறு. அதே பக்கத்தில், அத்தையின் வரிக்கு நேர் மேலே, பளிச்சென்று எழுதியிருக்கிறது. வரிசையில் அவருக்குப் பின்னால் வந்து நின்றதற்காக அவள் அவர் பெண்டாட்டி ஆகிவிட்டாள்.

அதிலிருந்து இன்னொருவர் எடுத்தார். அவரிடமிருந்து இன்னொருவர். ஈயடிச்சான் காப்பி என்று பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அதேதான். எவரும் மூலப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம். ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். இந்த வம்சாவளி இணையதளங்களில் “உங்கள் உறவினர் இவராக இருக்கலாம்” என்று இயந்திரமே கொண்டுவந்து நீட்டுகிறது. பொத்தானை அமுக்கினால் வேறொருவர் வீட்டுக் கொடிவழி அப்படியே வந்து உங்கள் வீட்டுக் கொடிவழியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா, பாட்டி, பிள்ளை குட்டி, தப்புத் தவறு எல்லாம் சேர்த்து.

எங்கள் பக்கத்துப் பெயர்களுக்கு அந்த இயந்திரத்தை நம்பவே கூடாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர் இது. முனுசாமி மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தன் என்று ஒரே வீட்டில் மாறி மாறி வரும். அடுத்த தெருவில் பங்காளி வீட்டிலும் அதே வரிசை வரும். நேட்டாலுக்குப் போனதும் ஒரே முனுசாமி ஒரு காகிதத்தில் மூன்சாமி ஆவான், இன்னொன்றில் மூனேசாமி ஆவான். இரண்டு தலைமுறை போனால் தகப்பனுடைய பெயரே குடும்பப் பெயராகிவிடும். அல்லது நாயுடு, பிள்ளை, கவெண்டர், மூட்லி என்று ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஒரே ரத்தம் இல்லை. ஒரே ரத்தத்தில் வந்தவர்களுக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கிறது. சுரேந்திர பானா என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1902 வரை போன 95,382 பேரின் வரிகளை இந்தக் கப்பல் பட்டியல்களிலிருந்து எடுத்து ஆராய்ந்து 1991இல் புத்தகம் போட்டார். ஒவ்வொரு வரியும் ஒரு மனுஷன் என்ற நினைப்போடு செய்கிற வேலை அது. அந்த வரிகளை இன்று யார் யாரோ பொத்தானை அமுக்கிப் பிசைந்து ஒன்றாக்குகிறார்கள்.

நான் எழுதினேன். அந்தப் பொய்யை நகலெடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன், பத்திரத்தின் வரியைப் படி எடுத்து அனுப்பினேன். பாதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர், “நிறைய வம்ச மரங்களில் கணவர் பெயர் இருக்கிறது, உங்கள் ஒருவருடையதில்தான் இல்லை, எனவே உங்களுடையதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினார். என் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததை வைத்துக்கொண்டு என்னையே சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த நிறைய மரங்களும் ஒருவர் செய்த ஒரு பொய்யின் நகல்கள் ஐயா. நூறு பேர் எழுதியிருக்கலாம். பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அதை நூறு சாட்சி என்று எப்படி எண்ணுகிறீர்கள்?

இன்னொருவர் எழுதிய பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். “அம்மா, உங்க குடும்பத்துக்கு நல்லதுதானே செஞ்சிருக்கோம்? ஒரு பொம்பளை தனியா, அப்பன் பேர் இல்லாத பிள்ளையோட கப்பலேறினாங்கறதை விட, புருஷனோட போனாங்கறது கௌரவம்தானே?”

எங்கள் கௌரவத்தை உங்களிடம் யார் ஒப்படைத்தது? கப்பலேறின நாளிலிருந்து அவளைப் பற்றி ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே அவளுடைய தம்பிகள் பத்திரத்தில் அவளுக்குச் சோறும் துணியும் எழுதிவைத்தார்கள். அவளை மறைக்கவில்லை. அவள் பிள்ளையை மறைக்கவில்லை. முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். படிப்பில்லாத இரண்டு உழவர்களுக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, யாருமில்லாத தேசத்துக்குப் போய், அஞ்சு வருஷ ஒப்பந்தத்தைத் தன் உடம்பால் கழித்தாளே, அவளுக்குக் கௌரவம் உண்டாக்க ஒரு தஞ்சாவூர்க்காரர் வந்து நிற்க வேண்டுமா?

அந்த மண்ணிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1913 மார்ச்சில் கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதிவாகாத கல்யாணம் அங்கே செல்லாது என்று அதற்குப் பொருள். அக்கினி சாட்சியாக, நிக்காஹ் ஓதி வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஒரே நாளில் மனைவி இல்லை என்றானார்கள். அந்த வருஷம், ஒப்பந்தம் முடித்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது போட்ட மூன்று பவுன் வரிக்கு எதிராகக் கிளம்பிய போராட்டத்தில் பெண்கள் இறங்கியதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நடந்து ஜெயிலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் அந்தச் சிறையில் வாங்கிய காய்ச்சலிலேயே உயிரை விட்டாள். எங்கள் கல்யாணத்தை நீ யார் இல்லையென்று சொல்ல என்று கேட்டார்கள் அவர்கள். நடக்காத கல்யாணத்தை நடந்தது என்று சொல்ல நீங்கள் யார் என்று நான் கேட்கிறேன். உள்ள கணவனை அழிப்பதும் இல்லாத கணவனை எழுதுவதும் ஒரே அதிகாரம். அவளுடைய வாழ்க்கையை அவளைக் கேட்காமல் தீர்மானிக்கிற அதிகாரம்.

என் பாட்டியின் படத்துக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அம்மா. தாத்தா இறந்து சில வருஷம் கழித்து வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, மூளிக் கழுத்து, மடியில் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படத்தின் கீழே அது யார் என்று எழுதித்தான் போட்டிருந்தேன். அதை எடுத்துக் கப்பல் அத்தை என்று போட்டுவிட்டார்கள். அத்தைக்கு ஒரு முகம் வேண்டுமாம். அதோடு விட்டார்களா? பழைய படத்துக்கு நிறம் ஏற்றுகிற செயலியில் கொடுத்துவிட்டார்கள். அது புடவையை அரக்கு நிறமாக்கி, நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டையும் வைத்துவிட்டது. தாலியறுத்த பிறகு சாகும்வரை குங்குமத்தைத் தொடாத என் பாட்டி, வேறு யாரோ ஒருத்தியின் பெயரில், பொட்டு வைத்துக்கொண்டு உலகம் பூராவும் சுற்றுகிறாள். அவள் விதவைக் கோலம் எனக்குப் பிடித்த கோலம் இல்லை. ஆனால் அவள் பட்டது அது. பட்டதை அழிக்க யாருக்கு உரிமை?

இதெல்லாம் என் வீட்டுக் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். போன பொங்கலை ஒட்டி எங்கள் ஊருக்கு ஒரு தம்பதி வந்தார்கள். டர்பனுக்குப் பக்கத்திலிருந்து. இருவரும் ஓய்வு பெற்றவர்கள். தமிழ் அதிகம் வராது. தாத்தா, ஆயா, அக்கா, சாமி என்று சில வார்த்தைகள் மட்டும் நாக்கில் மிச்சம் இருந்தன. வருஷக்கணக்காகக் காசு சேர்த்து, தங்கள் பூட்டனார் பிறந்த மண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். கையில் அச்செடுத்த தாள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பொன்னியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அந்த அம்மா கோயில் வாசலில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். எனக்கு ஆள் அனுப்பினார்கள். “உங்க சொந்தம் வந்திருக்கு, வாங்க” என்று.

போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியங்கள். அவற்றுக்கு மேலே அந்தத் தஞ்சாவூர்க்காரர் பெயர். வந்தவர்கள் அவருடைய வம்சம். அவருக்கு நேட்டாலில் ஒரு மனைவி இருந்திருக்கிறாள், அவள் வயிற்றில் வந்தவர்கள் இவர்கள். அந்த உண்மையான பூட்டி தாளில் எங்குமே இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் என் அத்தையைப் போட்டு, ஊரையும் எங்கள் ஊராக மாற்றிவிட்டிருந்தார்கள். இவர்கள் அழுது கும்பிட்டது எங்கள் குலதெய்வம். இவர்களுடையது அங்கே தஞ்சாவூர்ப் பக்கம் எங்கோ இவர்களை அறியாமல் நிற்கிறது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போய், காப்பி கொடுத்து, பதிவேட்டுப் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தேன். மேல் வரியைக் காட்டினேன். ஜில்லா தஞ்சாவூர். தாலுக்கா, கிராமம் எல்லாம் அதில் இருந்தன. இத்தனை காலமும் இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வைத்துப் படித்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ நாங்க உங்களுக்கு யாரும் இல்லையா அக்கா?” என்று கேட்டார். நான் என்ன சொல்ல? மறுநாள் இரவு அவர்களுக்கு விமானம். தஞ்சாவூர் போக நேரமில்லை. இன்னொரு முறை வர வயதும் பணமும் இருக்குமா தெரியாது என்றார்கள். கைக்குட்டையில் முடிந்த மண்ணை என்ன செய்வது என்று அந்த அம்மா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பொத்தானை அமுக்கியவர் எவரும் அந்தக் கூடத்தில் இல்லை. நான்தான் இருந்தேன். நீங்கள் போட்ட பொய்யை நான் வாயால் உடைக்க வேண்டியிருந்தது.

ஒரு பொய்யான கல்யாணம் எத்தனை பேரை அழித்திருக்கிறது பாருங்கள். என் அத்தையின் தனிமை போனது. அந்த மனிதரின் ஊர் போனது. அவருடைய உண்மையான மனைவி இருந்த இடமே தெரியாமல் போனாள். என் அத்தையின் மகன் யார் மகனோ ஆகிவிட்டான். அவன் வழியில் வந்தவர்கள் அங்கே எங்காவது தேடிக்கொண்டிருந்தால், தகப்பனில்லாத ஒரு பிள்ளையைத்தானே தேடுவார்கள்? இந்தத் தாளைப் பார்த்தால் இது நாங்கள் இல்லை என்று கடந்து போய்விடுவார்கள். எவர்கள் வந்து சேர வேண்டும் என்பதற்காக நான் இதைப் பொதுவில் வைத்தேனோ, அவர்கள் வருகிற வழியை அடைத்துவிட்டீர்கள்.

இப்படிப்பட்ட பொய் தானாகச் சாவதில்லை என்பதற்கு ஒரு மனிதரைச் சொல்வேன். குஸ்டாவ் அஞ்சூ. சுவீடனிலிருந்து அமெரிக்கா போய்ப் பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்து விற்றவர். உண்மையான பதிவுகளோடு கட்டுக்கதைகளைக் கலந்து, கேட்டவர்களுக்குப் பெருமையான முன்னோர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். 1942இல் இறந்துபோனார். அவர் செய்தது மோசடி என்று வம்சாவளி ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதிப் பட்டியலே போட்டுவிட்டார்கள். இருந்தும் அவர் ஜோடித்த பாட்டன்மார்கள் இன்றும் கொடிவழிகளில் நகலாகி நகலாகி வந்துகொண்டே இருக்கிறார்கள். அவராவது காசுக்குச் செய்தார். என் அத்தைக்குக் கணவனைச் சேர்த்தவர் காசுக்குச் செய்யவில்லை. ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பொறுக்க முடியாமல் செய்தார். விளைவில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குப் பேரும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். பதிவேட்டில் உள்ள வரி என் சொத்து இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்கத்தான் வைத்தேன். ஆனால் எடுக்கிறவர் முழுசாக எடுக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதையும், எது நிச்சயம் எது நிச்சயமில்லை என்பதையும், காலியாக உள்ள கட்டத்தைக் காலியாகவும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு சென்ட் நிலம் வாங்குவதானாலும் மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பாட்டனையும் பூட்டியையும் மட்டும் எவரோ எழுதியதை நம்பி வாங்கிக்கொள்கிறீர்களே.

உங்களில் யார் வீட்டுக் கொடிவழியிலாவது என் அத்தை இருந்தால், வட ஆற்காட்டுக்காரி, கையில் ஆண் பிள்ளை, அடுத்தடுத்த எண்ணில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கணவனாக நிற்கிறார் என்றால், தயவுசெய்து பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு அவர் பெயரை அவள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஜனவரி 1 என்ற தேதியை எடுத்துவிடுங்கள். பொட்டு வைத்த படத்தை எடுத்துவிடுங்கள், அது என் பாட்டி. பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுதாதீர்கள். உங்களிடமிருந்து யார் யார் எடுத்தார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை.